சுண்ணாம்புக்கு ஒரு வெளிச்சம், பாறைக்கு ஒரு வெளிச்சம்

மாரிகுப்பத்து லைன் வீடுகளில் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. போட்டுக்கொண்ட முதல் ஆள் தம்மபாலன். போட்டுக்கொண்ட பிறகு அதை வைத்து என்ன செய்வது என்று லைனில் யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை. தாத்தா தங்கச் சுரங்கத்து ஷாஃப்டில் இறங்கியவர், அப்பாவும் இறங்கியவர். இவனாவது இறங்கக் கூடாது என்றுதான் படிக்கவைத்தார்கள். கடைசியில் இவனும் இறங்கினான், கடப்பாரைக்குப் பதிலாக ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு.

ஆழத்தில் பாறை தானாக வெடித்துச் சிதறும். அதற்குப் பர்ஸ்ட் என்று பெயர். அது ஏன் வெடிக்கிறது, எங்கே வெடிக்கிறது என்று ஆராய மேலே ஒரு சின்ன ஆபீஸ் இருந்தது. அதன் தலைவர் வால்டர், ஆங்கிலோ இந்தியர், வாயில் எப்போதும் பற்றவைக்காத பைப். பாறையின் விரிசல்களைப் படம் எடுக்க ஒருவன் வேண்டும் என்று அவர் கேட்டபோது தம்மபாலனைத் தற்காலிகமாகப் போட்டார்கள். தற்காலிகம் இரண்டாவது வருஷத்தில் நடந்துகொண்டிருந்தது. லைனில் அவனைப் 'படம் சார்' என்று கூப்பிட்டார்கள். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று அவனால் பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை.

ஆரம்பத்தில் அவன் கீழே எடுத்த படங்களெல்லாம் கறுப்பாகவே வந்தன. ஆபீஸில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மீட்டர் இருந்தது. வெளிச்சத்துக்கு நேரே நீட்டினால் முள் நகர்ந்து, லென்ஸை எவ்வளவு திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்துவைக்க வேண்டும் என்று காட்டும். ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் அது சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை. கீழே முள் அசையவே மறுத்தது. பிறகுதான் அவனுக்கு உறைத்தது, முள்ளின் மேல் குற்றமில்லை என்று. அந்த நேரத்தில் இருக்கிற வெளிச்சத்தைத்தானே அது அளக்கும். ஃபிளாஷ் பல்பு இன்னும் எரியவே இல்லை. வராத விருந்தாளிக்கு அது எப்படி இலை போடும்?

அடுத்து, பல்புப் பெட்டியின் மேல் அச்சடித்திருந்த எண்ணை நம்பினான். பல்பு இருக்கும் இடத்திலிருந்து எதிரே இருக்கும் பொருள் எத்தனை அடியோ, அதால் அந்த எண்ணை வகுத்தால் லென்ஸின் திறப்பு வரும். கணக்கு சரி, படம் கறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது காரணம் பிடிபட்டது. பெட்டிக்காரன் மனதில் ஒரு வீட்டு அறை இருந்திருக்கிறது. வெள்ளையடித்த சுவர், வெள்ளையடித்த கூரை, இரண்டும் வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்ற தைரியத்தில் போட்ட எண் அது. கரும்பாறை வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது. அன்றிலிருந்து பெட்டி சொல்வதைவிட இரண்டு படி அதிகமாகத் திறந்தான். பாறை படத்தில் வந்தது. இது படிப்பா, வெறும் பிடிவாதமா என்று அவன் தன்னையே கேட்டுக்கொண்டான். பதில் கிடைக்கவில்லை. படங்கள் கிடைத்தன, அதுவரை போதும் என்றிருந்தான்.

அப்படியிருக்கையில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை பர்ஸ்ட் வந்தது. லைன் வீடுகளில் அடுக்கிவைத்த பாத்திரங்கள் உருண்டன. ஆழத்து லெவல் ஒன்றில் பாதை இடிந்து, காத்தவராயன் என்கிற தொழிலாளியின் கால் நசுங்கியது. உயிர் பிழைத்தான். மறுநாளே ஷிஃப்ட் பாஸ், அந்த இடத்தில் கூரையைத் தாங்க மரமே நிறுத்தவில்லை, டிம்பர்மேன் தங்கவேலு வேலை செய்யாமலே செய்ததாகச் சொல்லிவிட்டான் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார். தங்கவேலுவை, சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறக்கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும். வேலை போனால் லைன் வீடும் போகும்.

தங்கவேலு தம்மபாலனின் அக்கா கண்மணியின் புருஷன்.

வியாழக்கிழமை காலையில் அக்கா வீட்டுக்கு அவன் போனபோது தங்கவேலு வாசலில் உட்கார்ந்து, ஷிஃப்டுக்குப் போகிறவனைப் போலவே பூட்ஸுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"எதுக்கு மாமா இது? இன்னைக்குத்தான் போவலியே" என்றான் தம்மபாலன்.

"கைய சும்மா வெச்சிக்கினு இன்னா பண்றது மச்சான்." தங்கவேலு நிமிரவில்லை. "அங்க மரச் செட்டு நிறுத்தினேன். நானும் பெருமாளும்தான் தூக்கி நிறுத்தினோம். தூணு மேல சுண்ணாம்பு பூசி என் வேலு போட்டிருக்கேன். ரெண்டு கோடு. ரெண்டாவது வாரம். போய்ப் பாத்தா தெரியும். யாரு போய்ப் பாக்கறா?"

கீழே டிம்பர்மேன்களுக்குள் அது ஒரு வழக்கம். மரத்தை நிறுத்தி ஆப்பு அடித்து முடித்ததும் தூணின் நெற்றியில் ஒரு கை அகலத்துக்குச் சுண்ணாம்பு பூசுவார்கள். ஈரம் காய்வதற்குள் பழைய கார்பைடு விளக்கின் புகையைப் பிடித்து அவரவர் அடையாளத்தை எழுதுவார்கள். ஒருவனுக்கு மீன், ஒருவனுக்குச் சிலுவை. தங்கவேலுவுக்கு வேல். அடியில் மாதத்தின் எத்தனையாவது வாரமோ அத்தனை கோடு. மேலிடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. அவர்களாகவே செய்துகொண்டது.

கண்மணி உள்ளேயிருந்து காப்பியோடு வந்தாள். "இவரு சொல்றத யாரும் கேக்கமாட்டாங்க. நீ படிச்சவன். நீ சொன்னா கேப்பாங்கதானே?"

"நான் சொன்னா தம்பி சொல்றான்னுதான் சொல்வாங்க அக்கா."

"அப்ப படிச்சு இன்னாதான் பிரயோசனம்" என்று அவள் சொன்னது குத்தலாக இல்லை. நிஜமாகவே கேட்டாள். அதனால்தான் அது அவனை ஆபீஸ் வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தது.

ஆபீஸில் வால்டர் அவனுக்காகக் காத்திருந்தார். இடிந்த இடம் காற்றுப் போகும் வழியை அடைத்திருந்தது. சாயங்காலத்துக்குள் அள்ளிவிட வேண்டும் என்று உத்தரவு. விசாரணை அதிகாரி வெளியூர்க்காரர். பாறை இன்னும் முனகிக்கொண்டிருக்கும் இடத்துக்கு அவரை அனுப்ப யாரும் துணியவில்லை. ஆகையால் வால்டர் ஒரு படம் தருவதாகச் சொல்லியிருந்தார்.

"தங்கவேலு உனக்கு இன்னா ஆவணும், மேன்?" என்று கேட்டார்.

"அக்கா வூட்டுக்காரரு சார்."

வால்டர் பைப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். "வேற ஆள் இல்ல எங்கிட்ட. படம் நல்லா வந்தாலும் உன்னத்தான் கேப்பாங்க, வராட்டியும் உன்னத்தான் கேப்பாங்க. போ. பல்பு எவ்ளோ கீது?"

"ரெண்டு."

"ரெண்டா?"

"ஸ்டோர்ல அடுத்த வாரம் வருதாம் சார்."

"பாறைக்கு அடுத்த வாரம்னா தெரியுமா" என்று முணுமுணுத்துவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேஜ் இறங்க இறங்கக் காது அடைத்தது. பாதி வழியில் கேஜ் மாற வேண்டும். அதற்குமேல் சூடு. கீழ் லெவலில் கால் வைத்ததும், சமைத்து இறக்கிய அண்டாவுக்குள் இறங்கியது போலிருந்தது. கேமராவை அவன் சட்டைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தான். துணியைப் பிரித்ததும் லென்ஸின் மேல் மூச்சு விட்டது போல ஆவி படிந்தது. துடைத்தால் மறுபடியும் படியும். கண்ணாடி அந்த இடத்துச் சூட்டுக்குப் பழகும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

இடிந்த இடத்தில் மாரிமுத்துவின் ஆட்கள் அள்ளிக்கொண்டிருந்தார்கள். மாரிமுத்து நல்ல உயரம், குனிந்தே பழகிய முதுகு. அவனோடு நான்கைந்து பேர். அதில் பெருமாளும் இருந்தான், தங்கவேலுவின் கூட்டாளி. அதற்கு முன்னால் காத்தவராயனோடு பல வருஷம் ஜோடியாக வேலை பார்த்தவனும் அவன்தான்.

"வாங்க படம் சார்" என்றான் பெருமாள். "தலை சீவிக்கினு வரச் சொல்லியிருந்தா சீவிக்கினு வந்திருப்பேன்."

"உன் தலைல சீவறதுக்கு இன்னா கீது" என்றான் இன்னொருவன்.

மாரிமுத்து சிரிக்கவில்லை. "சார், சீக்கிரம். காலைலருந்து சத்தம் போட்டுக்கினே கீது. சாப்பாட்டு நேரத்துக்குள்ள அந்தத் தூணையும் வெட்டி எடுக்கணும்."

தம்மபாலன் விளக்கைத் தூக்கிப் பார்த்தான். பாதையின் குறுக்கே பாறை இறங்கியிருந்தது. அதன் அடியில் ஒரு தூண், இடுப்புயரத்தில் முறிந்து, நார் நாராகப் பிளந்து நின்றது. மேலே குறுக்குக் கட்டை இரண்டாக மடங்கியிருந்தது. ஆப்பு இன்னும் இறுக்கமாக இருந்தது. தூணின் மேல்பாதியில் சுண்ணாம்பு. அதில் கறுப்பாக ஒரு வேல், அடியில் இரண்டு கோடு.

தங்கவேலு சொன்னது நிஜம்.

கை பழக்கத்தில் லென்ஸை இரண்டு படி அதிகம் திறக்கப் போயிருந்தது. பாறைக்கு அதுதான் சரி. ஆனால் அந்தத் திறப்பில் சுண்ணாம்பு என்ன ஆகும்? வெள்ளைக்கு அவ்வளவு வெளிச்சம் கொடுத்தால் வெந்து ஒரே வெள்ளையாகிவிடும். புகையால் எழுதிய வேல் அதில் கரைந்து போகும். சுண்ணாம்புக்கு ஏற்றபடி மூடினால் வேல் தெரியும், ஆனால் சுற்றியுள்ள பாறை, முறிந்த கட்டை, ஆப்பு எல்லாம் இருட்டில் மூழ்கிவிடும். கறுப்பில் மிதக்கும் ஒரு வெள்ளைத் துண்டு மட்டும் மிஞ்சும். எந்தத் தூணோ, எந்த லெவலோ என்று ஷிஃப்ட் பாஸ் கேட்பார். கேட்டால் தப்பில்லை.

மேலே எங்கோ பாறை டக்கென்றது. யாரோ நகத்தால் தகரத்தைச் சுண்டியது போல. எல்லாரும் அசையாமல் நின்று கேட்டார்கள். பிறகு மறுபடியும் மண்வெட்டிச் சத்தம்.

தம்மபாலன் ஸ்டாண்டை விரித்துக் கேமராவை அதன்மேல் வைத்தான். லென்ஸில் ஆவி குறைந்துகொண்டு வந்தது. குறையும் வரைக்கும் யோசிக்க நேரம். ஃபிளாஷ் ஒரு கணம் எரிந்து அணையும். ஷட்டரைத் திறந்தே வைத்தால்கூட அந்தக் கணத்துக்கு மேல் ஃபிளாஷ் ஒன்றும் தராது. அதைக் கூட்டுவதும் குறைப்பதும் லென்ஸின் திறப்பும், பல்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும்தான். ஆனால் தலையில் கட்டிய விளக்குகள் அப்படியல்ல. ஷட்டர் திறந்திருக்கிற நேரமெல்லாம் அவை கொஞ்சம் கொஞ்சமாகப் பாறையில் ஊறிக்கொண்டே இருக்கும். அப்படியென்றால் இவை இரண்டு கணக்கு. சுண்ணாம்புக்கு ஃபிளாஷ், அதற்கேற்ற திறப்பு. பாறைக்குத் தலை விளக்கு, அதற்கேற்ற நேரம். ஒரே ஃபிலிமில் இரண்டையும் எழுதலாம், ஒன்றின் எழுத்தை மற்றது அழிக்காமல் பார்த்துக்கொண்டால்.

இதைக் கல்லூரியில் யாரும் சொன்னதில்லை. சரியா என்று கேட்கக் கீழே ஆளில்லை. தப்பென்றால் தெரிந்துகொள்ளும்போது தூண் விறகாகியிருக்கும்.

"எல்லாரும் கொஞ்சம் வாங்க" என்றான். "நான் திறந்து வெச்சிருக்கிற வரைக்கும் உங்க விளக்க பாறை மேல மெதுவா ஓட்டணும். வெள்ளை அடிக்கிற மாதிரி. ஒரே எடத்துல நிக்கக் கூடாது. கேமராவப் பாக்கக் கூடாது. சுண்ணாம்பு மேல யார் விளக்கும் படக் கூடாது."

"எப்பிடி சார் படாம இருக்கும்? எதிர்லயே கீதே" என்றான் மாரிமுத்து.

தம்மபாலனுக்குச் சட்டென்று வார்த்தை வந்தது. "அது ஒரு ஆள் மூஞ்சின்னு நெனைச்சிக்குங்க."

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கீழே இருப்பவர்களின் மரியாதை அதுதான். எதிரே ஒருவன் வந்தால் விளக்கை அவன் கண்ணில் அடிக்காமல் தலையைச் சற்றுத் திருப்பிக்கொண்டுதான் பேசுவார்கள். புதிதாக வந்த பையனுக்குக்கூட ஒரு வாரத்தில் கழுத்து அதைக் கற்றுக்கொள்ளும்.

"தங்கவேலு மூஞ்சின்னே வெச்சிக்கலாம்" என்றான் பெருமாள். "சுண்ணாம்பு கொஞ்சம் அழகா கீது."

தம்மபாலன் ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, தூணுக்குப் பக்கவாட்டில் நின்றான். பல்பிலிருந்து சுண்ணாம்புக்கு எத்தனை அடி என்று கையால் முழம் போட்டான். பெட்டியின் எண்ணை வகுத்தான். வெள்ளை என்பதால் அதற்கும் சற்றுக் கீழே மூடினான். ஷட்டரைத் திறந்தபடியே நிற்கும்படி பூட்டினான். ஃபிளாஷின் பொத்தானை அழுத்தினான்.

பாதை முழுக்க வெள்ளையாக வெடித்தது. அந்த நொடியே எல்லாரும் தரையில் இருந்தார்கள். மாரிமுத்து சுவரோரம் குந்தியிருந்தான், கைகள் தலைக்கு மேல். இரண்டு நாளாகப் பாறை வெடிப்பதை எதிர்பார்த்தே இருந்த உடம்புகள், யாரையும் கேட்காமல் தாமாகவே கவிழ்ந்துவிட்டன. அத்தனை விளக்கும் தரையைப் பார்த்தன. பாறையின் மேல் ஒரு துளி வெளிச்சம்கூட இல்லை.

தம்மபாலன் ஷட்டரை மூடினான். சூடான பல்பு கருகிய வாசனை வந்தது.

"மன்னிச்சிக்குங்க சார்" என்றான் மாரிமுத்து, எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே. அவன் குரலில் வெட்கம் இருந்தது.

"நான் மட்டும் உழல. படுத்துக்கினேன்" என்றான் பெருமாள். யாரும் சிரிக்கவில்லை.

இன்னும் ஒரே ஒரு பல்பு.

மேலே மறுபடியும் சத்தம். இந்தத் தடவை நகத்தால் சுண்டியது போல இல்லை. முஷ்டியால் குத்தியது போல. கூரையிலிருந்து தூள் இறங்கி விளக்குகளின் முன் மிதந்தது. மாரிமுத்து கையைக் காட்டி ஆட்களைப் பின்வாங்கச் சொன்னான். "சார், போதும். எடுத்தவரைக்கும் எடுத்தீங்க."

"எடுத்தது ஒதவாது மாரிமுத்து அண்ணே."

"ஆள் போனா அது ஒதவுமா?"

மாரிமுத்து சொன்னது நியாயம். அக்காவின் வீட்டுக்காக இவர்களை நிற்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று நினைத்தான். ஆனால் வாயைத் திறந்தது பெருமாள்.

"ஸ்வல்ப இருப்பா, கொஞ்சம் பொறு. நான் நிறுத்தின தூணு. நான் நிக்கறேன். மத்தவங்க போவட்டும்."

ஒருவரும் போகவில்லை. மாரிமுத்து வாய்க்குள் ஏதோ திட்டிவிட்டு, "சீக்கிரம் ஆவட்டும்" என்றான்.

மறுபடியும் பல்பு எரிந்தால் மறுபடியும் விழுவார்கள். விழாதே என்று சொல்லலாம். உடம்பு கேட்காது. இவனுடைய உடம்பே கேட்டிருக்காது. கடைசிப் பல்பை மாட்டும்போது விரல் வழுக்கியது. அப்போதுதான், மிகச் சாதாரணமாக, அது தோன்றியது. ஃபிளாஷ் முதலில் எரிய வேண்டும் என்று யார் சொன்னது? ஃபிலிமுக்கு முன்னது பின்னது கிடையாது. சேர்த்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

"இப்ப முதல்ல விளக்கு" என்றான். "நான் போதும்னு சொன்னப்புறம் எல்லாரும் கீழ உக்காந்துக்குங்க, தலையக் குனிஞ்சிக்குங்க. அப்பறம்தான் பல்பு. அப்ப உழுந்தாலும் சரி, எழுந்தாலும் சரி."

ஷட்டர் திறந்தது. விளக்குகள் பாறையின் மேல் ஏறின.

கடிகாரத்தைப் பார்க்க அவனுக்கு வெளிச்சம் இல்லை. தன் விளக்கை அணைத்திருந்தான். பௌர்ணமிதோறும் வெள்ளை உடுத்தி அம்மாவோடு புத்த விகாரத்தில் உட்கார்ந்து சொன்ன மூன்று சரணங்களையும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டான், மெதுவாக, ஒரு சுற்று முடிந்ததும் மறு சுற்று. அதில் நம்பிக்கை இருக்கிறதா என்று சில வருஷங்களாகவே அவனுக்குச் சந்தேகம். ஆனால் அதன் நீளம் எவ்வளவு என்பதில் சந்தேகம் இல்லை. அந்த நேரத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

விளக்குகள் நகர்ந்தன. ஒன்று முறிந்த கட்டையின் வழியாக, ஒன்று கூரை விளிம்பில், ஒன்று தரையில் கிடந்த கற்களின் மேல். சுண்ணாம்பின் பக்கம் வந்ததும் ஒவ்வொன்றும் தானாக ஒதுங்கிப்போயிற்று. இருட்டில் அந்தத் தூண் நிஜமாகவே ஓர் ஆள் நிற்பது போலிருந்தது.

நடுவில் பாறை கத்தியது. காலடியில் தரை ஒரு முறை குலுங்கியது. ஒரு விளக்கு வெடுக்கென்று திரும்பி, மறுபடியும் பாறைக்கு வந்தது. ஸ்டாண்டின் காலைத் தம்மபாலன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். எண்ணிக்கை தவறிவிடும் போலிருந்தது. தவறவில்லை.

"போதும். உக்காருங்க."

அவர்கள் உட்கார்ந்தார்கள். அவன் பல்பை எரித்தான்.

அவன் ஷட்டரை மூடியதும் எல்லாரும் எழுந்து நடந்தார்கள். அவர்கள் வளைவு திரும்பியபோது பின்னால் ஒரு கூடை கற்கள் சரிந்த சத்தம் கேட்டது. தூண் விழவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு மாரிமுத்துவே அதை வெட்டி எடுத்தான்.

மேலே இருட்டறையில் வால்டர் அவனுக்குப் பின்னால் நின்றார். ஃபிலிமைக் கழுவி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது இரண்டு கட்டங்கள் தெரிந்தன. முதலாவதில் சுண்ணாம்பு மட்டும். இரண்டாவதில் எல்லாமே இருந்தது: வேல், கோடு, பிளந்த நார், ஆப்பு, கூரை, தரை. வால்டர் நீளமாக மூச்சு விட்டார். கெட்டுப்போன முதல் கட்டத்தை வெட்டிக் குப்பையில் போடுவதுதான் தம்மபாலனின் வழக்கம். அன்று இரண்டாவது கட்டத்தைப் பார்த்த அவசரத்தில் கத்தரி நினைவுக்கு வரவில்லை. ஃபிலிமை அப்படியே கொடியில் தொங்கவிட்டான்.

வெள்ளிக்கிழமை விசாரணையில் அதிகாரி படத்தை வெகுநேரம் பார்த்தார். அவர் இளைத்த மனிதர், கண்ணாடி போட்டவர், எதிலும் அவசரப்படாதவர். படம் யார் எடுத்தது என்று கேட்டார். ஷிஃப்ட் பாஸ் முந்திக்கொண்டார். "இவன்தான் சார். குற்றவாளிக்கு மச்சான்." அறையில் யாரோ செருமினார்கள். சுவரோரம் நின்ற தங்கவேலு தன் பூட்ஸைப் பார்த்தான்.

அதிகாரி படத்தைத் திருப்பித் தம்மபாலனிடம் காட்டினார். ஃபிளாஷ் ஒரு பக்கத்திலிருந்து அடித்திருக்கிறது, நிழல் இடப்பக்கம் விழுகிறது, சரி. அப்படியென்றால் இடப்பக்கத்துப் பாறைக்கு வெளிச்சம் எங்கிருந்து வந்தது? ஒரே படத்தில் இத்தனை திசையிலிருந்து வெளிச்சமா? அவருக்கும் படம் எடுக்கத் தெரியும் போலிருந்தது. இரண்டு படங்களை ஒட்டிச் செய்ததா என்று அவர் கேட்டபோது குரலில் கோபம் இல்லை. அதுதான் தம்மபாலனைப் பயமுறுத்தியது.

அவன் விளக்க ஆரம்பித்தான். ஃபிளாஷுக்குத் திறப்பு, விளக்குக்கு நேரம் என்று. அவன் காதுக்கே அது மழுப்பல் போல ஒலித்தது. ஷிஃப்ட் பாஸ் கூரையைப் பார்த்துச் சிரித்தார். பாதியில் நிறுத்தினான். பையிலிருந்து ஃபிலிமை எடுத்தான், வெட்டாமல் நீளமாக இருந்ததை.

"இதப் பாருங்க சார். இது மொதல்ல எடுத்தது, கெட்டுப்போனது. இதுல பாறைக்கு வெளிச்சமே விழல, சுண்ணாம்பு மட்டுந்தான் கீது. பக்கத்துலயே ரெண்டாவது. கேமராவ நான் அசைக்கல. வேலும் கோடும் ரெண்டுலயும் ஒரே எடத்துல கீதா பாருங்க. ஒட்டியிருந்தா ஃபிலிமு நடுவுல வெட்டியிருக்கும்."

அதிகாரி ஃபிலிமை ஜன்னலுக்கு எடுத்துப்போனார். பூதக்கண்ணாடி கேட்டார். வால்டர் தயாராகவே சட்டைப்பையில் வைத்திருந்தார். அறையில் மின்விசிறி மட்டும் சுற்றியது. அதிகாரி ஒரு கட்டத்தையும் மறு கட்டத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நடுவிலிருந்த ஓரத்தை விரலால் தடவினார். பிறகு வந்து உட்கார்ந்து, படத்தைத் தன் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். மரம் நிறுத்தப்பட்டிருந்தது, அதை மீறித்தான் பாறை வந்தது என்று எழுதச் சொன்னார். ஷிஃப்ட் பாஸிடம் ஒன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்குத் தங்கவேலு வரலாம்.

ஷிஃப்ட் பாஸும் திங்கட்கிழமை வந்தார். தம்மபாலன் தற்காலிகமாகவே இருந்தான். அடுத்த வாரம் ஸ்டோரில் பல்பு வந்தது.

விசாரணை முடிந்து வந்த ஞாயிறு அவன் இன்னொரு பிரதி போட்டு அக்கா வீட்டுக்கு எடுத்துப்போனான். கண்மணி அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஒரு கட்டையும் கல்லும்தான் கீது. ஆளுங்க எங்கடா?"

"எல்லாரும் அங்கதான் இருந்தாங்க அக்கா. நகர்ந்துக்கினே இருந்தாங்க, அதான் வரல."

தங்கவேலு படத்தை வாங்கிக்கொண்டான். தன் வேல் அடையாளத்தை அவன் ஒரு முறைதான் பார்த்தான். அவன் விரல் வேறு எங்கோ போயிற்று. படத்தின் வலது ஓரத்தில் தலைமயிர் போல மெல்லிய வெள்ளைக் கீறல் ஒன்று வளைந்திருந்தது. ஏதோ ஒரு விளக்கு, கணநேரம் கேமராவின் பக்கமாகத் திரும்பிப் போன தடம். தம்மபாலன் அதைக் குறையாகத்தான் நினைத்திருந்தான்.

"பாறை சத்தம் போட்டுச்சா அப்ப?" என்று கேட்டான் தங்கவேலு.

"ஆமா மாமா. நடுவுல ஒருவாட்டி."

"இது பெருமாளு."

"எப்பிடிச் சொல்றீங்க? விளக்குதானே தெரியுது."

தங்கவேலு அந்தக் கீறல் போகும் திசையில் விரலை நகர்த்தினான். கீறல் முடிந்து, படமும் முடிந்து, விரல் வெறும் காற்றில் நின்றது.

"இதுக்கு நேரா, அந்த மூலைலதான் காத்தவராயன் உழுந்தான். சத்தம் வந்தா பெருமாளு வேற எங்க பாப்பான்."